மஞ்சளா, வெள்ளையா? லாரிக்கு எந்த ஃபாக் லைட் சரி?

நாமக்கல்லில் லோடு ஏற்றும்போது வெயில் சுளீரென்று அடிக்கும். அங்கிருந்து 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, பானிபட் வரை ஒரே சாலைதான். ஆனால், டிசம்பர் கடைசியில் குவாலியரைத் தாண்டிவிட்டால், அதிகாலை 4 மணிக்கு அந்தச் சாலையே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு. முன்னால் போகும் வண்டியின் டெயில் லைட் தெரிந்தாலே பெரிய விஷயம்.

அதனால்தான் வடக்கே லைன் போகும் லாரிகளுக்குக் குளிர்காலம் தொடங்கும் முன்பே ஃபாக் லைட் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. “மஞ்சள் போடுங்க, அதுதான் பனியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்” என்பது ஒரு கட்சி. “இப்போ எல்லாமே வெள்ளை எல்இடி-தான், பகல் மாதிரி அடிக்கும்” என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பாதிதான் உண்மை.

இது வெறும் ஸ்டைல் சமாச்சாரமும் இல்லை. மூடுபனி நேர விபத்துகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 10,000-க்கும் அதிகமானோர் இறப்பதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் சொல்கின்றன. லாரி ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, அந்த லாரிக்கு எதிரே காரில் வருபவருக்கும் இந்தக் கேள்வியில் பங்கு இருக்கிறது.

ஹை பீம் போட்டால் ஏன் வெள்ளைச் சுவர் தெரிகிறது?

மூடுபனி என்பது தரையைத் தொட்டு நிற்கும் மேகம். அதில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன நீர்த்துளிகள். ஹெட்லைட்டில் இருந்து கிளம்பும் ஒளி இந்தத் துளிகளில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு திரும்பி ஓட்டுநரின் கண்ணுக்கே வருகிறது. சாலையில் இருந்து வர வேண்டிய ஒளியைவிட, துளிகளில் இருந்து திரும்பும் ஒளி அதிகமாகிவிட்டால், கண்ணுக்கு முன்னால் பால் நிறத்தில் ஒரு திரை விழுந்த மாதிரி இருக்கும்.

ஹை பீம் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒளி நேராகவும் மேலேயும் போய், பார்வைக் கோட்டில் இருக்கும் பனியை எல்லாம் ஒளிர வைக்கிறது. வெளிச்சம் கூடக் கூட, திரையும் கெட்டியாகிறது. ‘இன்னும் பவர்ஃபுல்லா ஒரு லைட் மாட்டினா சரியாயிடும்’ என்ற கணக்கு பனியில் எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம்.

நல்ல ஃபாக் லைட் வேறு மாதிரி வேலை செய்கிறது. அதன் ஒளி அகலமாக இருக்கும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். சாலைக்குத் தாழ்வாகப் படர்ந்து, சில பத்து மீட்டர் தூரத்துக்குச் சாலையின் விளிம்பையும் வெள்ளைக் கோட்டையும் காட்டும். தூரத்தைக் காட்டுவது அதன் வேலையே இல்லை.

மஞ்சள் ஒளி பனியைக் கிழிக்குமா?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட அறிவியல் இருக்கிறது. வானம் நீலமாகத் தெரிவது ஏன் என்று படித்திருப்போம்: அலைநீளம் குறைந்த நீல ஒளி அதிகம் சிதறும், அலைநீளம் கூடிய மஞ்சள், சிவப்பு ஒளி குறைவாகச் சிதறும். ‘ராலே சிதறல்’ என்று அதற்குப் பெயர். அப்படியானால் மஞ்சள் ஒளி பனியில் குறைவாகச் சிதறித் தூரமாகப் போகும்தானே?

இல்லை. ராலே சிதறல் நடக்க, ஒளியைச் சிதறடிக்கும் துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் அப்படிப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். மூடுபனித் துளிகளோ பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். அதாவது, ஒளியின் அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியவை. இவ்வளவு பெரிய துளிக்கு நீலம், மஞ்சள் என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும்.

இதற்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை. மூடுபனி வெள்ளையாகத் தெரிகிறதே, அதுவே சாட்சி. நீலத்தை மட்டும் அதிகம் சிதறடித்தால் அது வானத்தைப் போல நீலமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. டெல்லியைச் சுற்றி குளிர்காலத்தில் இருப்பது சுத்தமான பனி மட்டுமல்ல, புகையும் கலந்திருக்கும். புகையின் நுண்துகள்கள் பனித்துளியைவிட மிகச் சிறியவை என்பதால், அவை நீல ஒளியைக் கொஞ்சம் அதிகமாகச் சிதறடிக்கும். அங்கே மஞ்சளுக்குச் சிறிய அனுகூலம் கிடைக்கலாம். ஆனால் நீர்த்துளிகளால் ஆன அடர்ந்த மூடுபனி இறங்கிவிட்டால், எந்த நிறமும் எதையும் ‘கிழிக்காது’.

அப்போ மஞ்சள் வேஸ்ட்டா?

அதுவும் இல்லை. மஞ்சளின் பலன் பனியில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

ஒரே அளவு பிரகாசம் உள்ள இரண்டு விளக்குகளில், நீலச் சாயல் அதிகம் உள்ளது கண்ணை அதிகம் உறுத்தும். மஞ்சள் சாயல் உள்ளது குறைவாக உறுத்தும். கண்கூச்சம் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம் இது. வெள்ளை எல்இடி-யில் இந்தப் பிரச்சினை கூடுதலாகத் தெரியும். பெரும்பாலான வெள்ளை எல்இடி-களின் உள்ளே இருப்பது ஒரு நீல எல்இடி. அதன் மேல் பூசப்பட்ட பாஸ்பர் என்ற பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுவதால்தான் மொத்தத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. பெட்டியில் 6,000 கெல்வின், 6,500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலப் பங்கு அதிகம் என்று அர்த்தம். 3,000 கெல்வின் என்றால் மஞ்சளுக்கு நெருக்கம்.

இரவு முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சளாக இருந்தால், அந்தத் திரை இருக்கும். ஆனால் கண் அவ்வளவு சீக்கிரம் களைக்காது என்பதுதான் மஞ்சளை விரும்புவோரின் அனுபவம். எதிரே வருபவருக்கும் கூச்சம் குறையும்.

மஞ்சளுக்கு ஒரு விலையும் உண்டு. வெள்ளை விளக்கின் மேல் மஞ்சள் கண்ணாடியோ பூச்சோ போடும்போது ஒளியின் ஒரு பகுதி, சுமார் 15 சதவீதம் வரை, குறைந்துவிடுகிறது. நீலப் பங்கு போய்விடுவதால், நீல நிற அறிவிப்புப் பலகைகள் மஞ்சள் ஒளியில் சற்று மங்கித் தெரியும். நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் வெள்ளையே மேல்.

ஒரு நாடே மஞ்சளுக்கு மாறிய கதை

பிரான்ஸ் இந்தப் பரிசோதனையை நாடு தழுவிச் செய்து பார்த்தது. 1930-களின் பிற்பகுதியில் இருந்து அங்கே வாகனங்களின் ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. கண்கூச்சம் குறையும் என்பது முக்கிய வாதம். அரை நூற்றாண்டுக்கும் மேல் பிரெஞ்சு சாலைகள் மஞ்சளாகவே ஒளிர்ந்தன. ஐரோப்பிய நாடுகளின் விதிகளை ஒன்றாக்கும் வேலை நடந்தபோது, 1993-ல் புதிய வாகனங்களுக்கு இந்தக் கட்டாயம் முடிவுக்கு வந்தது. ஹெட்லைட் வெள்ளைக்கு மாறிவிட்டாலும், முன்பக்க ஃபாக் லைட்டுக்கு மட்டும் ஐ.நா.வின் வாகன விதிமுறைகள் இன்றும் இரண்டு நிறங்களையும் அனுமதிக்கின்றன: வெள்ளை, மஞ்சள். இந்தியத் தரநிலைகளும் அதே வழியில்தான் போகின்றன.

அம்பர் வேறு, மஞ்சள் வேறு

கடைகளில் ‘அம்பர்’ என்ற பெயரில்தான் மஞ்சள் ஃபாக் லைட் விற்கப்படுகிறது. ஆனால், விதிகளின் மொழியில் அம்பர் என்பது இண்டிகேட்டரின் ஆரஞ்சு நிறம். ஃபாக் லைட்டுக்கு அனுமதிக்கப்பட்டது அதைவிட வெளிறிய எலுமிச்சை மஞ்சள். ஒளியில் இருந்து நீலத்தை மட்டும் வடிகட்டினால் கிடைக்கும் நிறம் அது.

இந்த வித்தியாசம் பனியில் உயிர் பிழைக்கும் விஷயம். ஆரஞ்சு அடிக்கும் விளக்கு முன்னால் தொடர்ந்து எரிந்தால், பக்கத்தில் எரியும் இண்டிகேட்டர் அதில் மூழ்கிவிடும். லாரி வலப்பக்கம் திரும்பப்போகிறதா, நேராக வருகிறதா என்று எதிரே வருபவருக்குத் தெரியாது.

நிறத்தைவிட முக்கியமான மூன்று விஷயங்கள்

முதலாவது, ஒளியின் வடிவம். ஃபாக் லைட் என்று விற்கப்படுவதில் பாதி, உண்மையில் ஃபாக் லைட்டே இல்லை. வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும் ‘ஒர்க் லைட்’, நீளமான ‘லைட் பார்’ ஆகியவை ஒளியை எல்லாத் திசையிலும் வாரி இறைப்பவை. கல்குவாரியில் லோடு ஏற்ற அவை சரி. பனியில் அவையே வெள்ளைச் சுவரை எழுப்பும். ஹாலஜன் பல்புக்கென வடிவமைத்த கூட்டுக்குள் எல்இடி பல்பைச் சொருகுவதும் இதே ரகம்தான். ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலே, அந்த வெட்டியது போன்ற மேல் விளிம்பு கலைந்துவிடும்.

இரண்டாவது, உயரம். இதில் லாரிக்கு இயற்கையாகவே ஒரு சலுகை இருக்கிறது. ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். விளக்கு கீழே பம்பரில் இருக்கிறது. கண்ணுக்கும் விளக்குக்கும் இடைவெளி கூடினால், திரும்பி வரும் ஒளி கண்ணில் படுவது குறையும். காரில் இந்த இடைவெளி குறைவு. ஆனால், கேபினுக்கு மேலே விளக்கு வரிசை மாட்டியதும் இந்தச் சலுகை போய்விடுகிறது. ஃபாக் லைட் எப்போதும் லோ பீமைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும் என்கிறது ஐ.நா. விதிமுறை. தரையில் இருந்து குறைந்தது 250 மி.மீ. உயரமும் வேண்டும்.

மூன்றாவது, கோணம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சுவரில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். லாரிக்கு ஒரு கூடுதல் கவனம்: பின்னால் லோடு ஏறினால் முன்பக்கம் சற்று தூக்கிக்கொள்ளும். வெறும் வண்டியில் சரியாக இருந்த கோணம், லோடு வண்டியில் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போய்விடலாம். அதனால் லோடு ஏற்றிய பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 106-வது விதிப்படி, முன்பக்க விளக்கின் ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். விளக்கில் இருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. 111-வது விதி, ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றை முன்பக்கம் மாட்டத் தடை விதிக்கிறது. பதிவு அதிகாரியின் முன் அனுமதி இருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. பல மாநிலங்களைத் தாண்டிப் போகும் லாரிக்கு இது ஒரு செக்போஸ்ட்டோடு முடியும் தலைவலி இல்லை. முடிந்தவரை, வண்டி வாங்கும்போதே கம்பெனி ஃபாக் லைட் உள்ள மாடலையோ, அதே கம்பெனி தரும் உதிரிபாகத்தையோ எடுப்பது பாதுகாப்பு.

எந்த ரூட்டுக்கு எது?

● டிசம்பர், ஜனவரியில் ஆக்ரா, டெல்லி, ஹரியானா, பஞ்சாப் பக்கம் அடிக்கடி போகும் லாரி: மஞ்சள். அடர்ந்த பனியில் மணிக்கணக்கில் ஓட்டுவதால் கண்ணுக்குக் கிடைக்கும் நிம்மதி, குறையும் 15 சதவீத ஒளியைவிடப் பெரியது.

● தமிழ்நாடு, கேரளா, கர்நாடகாவுக்குள் ஓடும், மழையும் மலைப்பாதையும் பார்க்கும் லாரி: இரண்டில் எதுவும் சரி. வெள்ளை என்றால் 4,000 கெல்வினை ஒட்டியதாகப் பாருங்கள்; நீலம் அடிக்கும் 6,500 கெல்வின் வேண்டாம்.

● ஏற்கெனவே தரமான வெள்ளை ஃபாக் லைட் இருக்கிறது: நிறத்துக்காக மட்டும் அதைக் கழற்றத் தேவையில்லை. கோணத்தைச் சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்து வைத்தாலே போதும்.

● வெள்ளை, மஞ்சள் இரண்டும் எரியும் ஒரே விளக்கு: வசதிதான். ஆனால், நிறம் மாற்ற ஒவ்வொரு முறையும் ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டிய ரகமும், மின்னி மின்னி எரியும் ரகமும் வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை

கனரக லாரிகளின் மின்சாரம் 24 வோல்ட். சின்ன சரக்கு வண்டிகளில் 12 வோல்ட். கார் விளக்கை லாரிக்கு மாட்டினால் உடனே போய்விடும். எல்இடி என்றால், 24 வோல்ட்டுக்கும் பொருந்துமா என்று பெட்டியைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

விளக்கின் கண்ணாடியில் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.நா. விதிமுறைப்படி சான்று பெற்ற ஃபாக் லைட்டில், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பக்கத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்ற குறி இருக்கும். அந்தக் குறிதான் இது முன்பக்க ஃபாக் லைட் என்பதற்கான அடையாளம்.

ஒயரிங்கில் கை வைக்கும்போது தனி ரிலே, தனி ஃபியூஸ், தனி ஸ்விட்ச் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஹெட்லைட் ஒயரில் இருந்து ‘டேப்’ அடித்து இழுப்பது மலிவு. ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்தும் அதில்தான்.

விளக்கு வந்தாச்சு. எவ்வளவு வேகம் போகலாம்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், பார்வை தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்குக் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க 2 விநாடி. அதன்பிறகு லோடு லாரி, விநாடிக்கு விநாடி மணிக்கு 14.4 கி.மீ. என்ற அளவில் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டி முழுதாக நிற்கத் தேவைப்படும் தூரம்:

● 80 கி.மீ. வேகத்தில்: சுமார் 106 மீட்டர்
● 60 கி.மீ. வேகத்தில்: சுமார் 68 மீட்டர்
● 40 கி.மீ. வேகத்தில்: சுமார் 38 மீட்டர்
● 30 கி.மீ. வேகத்தில்: சுமார் 25 மீட்டர்

50 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி, முன்னால் நிற்கும் வண்டியைப் பார்த்த பிறகும் அதன் மேல் மோதும். பிரேக் நன்றாக இருந்தாலும் மோதும். சாலை ஈரமாக இருந்தால், டயர் தேய்ந்திருந்தால் இந்தத் தூரங்கள் இன்னும் கூடும். கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச் சாலையில் குளிர்காலத்தில் கனரக வாகனங்களின் வேக வரம்பை 80-ல் இருந்து 60 கி.மீ. ஆகக் குறைப்பது வழக்கம். அது உச்ச வரம்புதான். பனி இறங்கிய இரவில் அந்த வேகமே அதிகம்.

பின்னால் வருபவருக்கு லாரி தெரிவதும் இதே அளவு முக்கியம். டெயில் லைட்டில் படிந்த சேற்றைத் துடைப்பது, பின்பக்கச் சிவப்பு ஒளிர்பட்டை கிழியாமல் இருப்பது ஆகியவை செலவே இல்லாத பாதுகாப்பு. ஓடும் வண்டியில் ஹஸார்ட் விளக்கைப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். நிற்கிறதா, போகிறதா என்று பின்னால் வருபவர் குழம்புவார், இண்டிகேட்டரும் பயன்படாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சாலையோரம் வேண்டாம். டோல் பிளாசா, பெட்ரோல் பங்க், தாபா என்று சாலையை விட்டு விலகிய இடமாகப் பாருங்கள்.

இங்கேதான் ஆபீஸில் உட்கார்ந்து லாரியின் நகர்வை ஆப்பில் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் வருகிறார்கள். குவாலியரில் இருந்து டெல்லி வரை வழக்கமான நேரத்தையே பனிக்காலத்திலும் டெலிவரிக்குக் கொடுத்தால், அந்த ஓட்டுநர் 30 கி.மீ. வேகத்தில் போக முடியாது. விடியும்வரை தாபாவில் நிற்கவும் முடியாது. ஃபாக் லைட் வாங்கித் தரும் உரிமையாளர் டிசம்பர் 15 முதல் ஜனவரி கடைசி வரை வடக்கு டிரிப் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவைக் கூடுதலாக ஒதுக்கிவிட்டால், மஞ்சளோ வெள்ளையோ, அந்த விளக்கு நிதானமாக வேலை செய்ய நேரம் கிடைக்கும்.